உப்புக் கை

என்னைப் பெண் பார்க்க மூன்று முறை வந்திருக்கிறார்கள். மூன்று கூட்டமும் முகத்தைப் பார்த்தது, நடையைப் பார்த்தது. ஒரு மாமியார்க்காரி என் பின்னலைப் பிடித்து இழுத்துக்கூடப் பார்த்தாள், சவுரியா சொந்த முடியா என்று. கையை யாரும் பார்க்கவில்லை. என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மூக்கைச் சுளித்து, வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள், கும்மிடிப்பூண்டியில் ஒரு நூல் கம்பெனியின் மேஸ்திரி. அந்த ஆளை நான் ஆயுசுக்கும் திட்டித் தீர்த்திருக்க வேண்டும். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் அவரைத் திட்டவில்லை.

எழுபதுகள் முடிய இன்னும் இரண்டு மூன்று வருஷம் இருந்தது. எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரையில். வீட்டில் நாங்கள் மூன்றே பேர். நைனா ஏரியில் வலை போடுவார். (எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஆந்திரா எல்லை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.) வருகிற மீனில் விற்றது போக மிச்சத்தைக் கருவாடு போடுவது அம்மாவும் நானும். மீனைக் கீறி, குடலை எடுத்து, வயிற்றிலும் செவுளிலும் கல்லுப்பை அழுத்தித் தேய்த்து அடைத்து, தொட்டியில் அடுக்க வேண்டும். மறுநாள் எடுத்து அலசி வெயிலில் பரப்ப வேண்டும். இவ்வளவுதான் வேலை. கேட்கச் சுலபமாகத்தான் இருக்கும்.

கோடையில் இந்த வேலை உண்மையிலேயே சுலபம்தான். மார்கழி பிறந்தால்தான் கஷ்டம். வாடைக்காற்று ஏரியைத் தாண்டி நேராக எங்கள் மேல் வந்து விழும். அந்தக் காற்றில் ஈரக் கை காய்ந்தால் தோல் சுருங்கி இழுக்கும். அதன் மேல் உப்பு. நாலே நாளில் விரல் மடிப்பெல்லாம் கோடு கோடாக வெடித்துவிடும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கிற இடம் முதலில் கிழியும், ஏனென்றால் உப்பை அழுத்துவது அந்த இடம்தான். கழுவலாம் என்றால் குப்பத்துக் கிணறும் உப்பு. நல்ல தண்ணீர் அரைக் கல் தூரம் நடந்து எடுத்து வர வேண்டும், அது குடிக்க மட்டும். முழங்கையில் சாம்பல் பூத்திருக்கும், உதட்டில் தோல் உரியும், குதிகாலில் காலணா நுழைகிற மாதிரி வெடிப்பு இருக்கும். இதையெல்லாம் ஒரு வியாதி என்று எங்களில் யாரும் நினைத்ததில்லை. பனி வந்தால் தோல் வெடிக்கும், பங்குனி வந்தால் ஆறும், அவ்வளவுதான் எங்கள் வைத்தியம்.

ஆம்பிளைகளுக்கு மட்டும் ஒரு மருந்து இருந்தது. படகின் பலகை இடுக்குகளில் தண்ணீர் புகாமல் இருக்க, குங்கிலியப் பிசினைப் பொடித்து எண்ணெயில் போட்டுக் காய்ச்சிப் பூசுவார்கள். பூசி மிஞ்சியது சட்டியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை இளஞ்சூட்டில் குச்சியால் தொட்டுக் குதிகால் வெடிப்புக்குள் விட்டுக்கொள்வார்கள். ஆறினால் கெட்டியாகி வெடிப்பை மூடிவிடும். படகுக்கே தண்ணி புவாம நிக்கறப்ப காலுக்கு நிக்காதா என்று நைனா கேட்பார். குதிகாலுக்கு அது நின்றதும் உண்மைதான். நடக்கும்போது லேசாக டக்கு டக்கு என்று சத்தம் கேட்கும்.

எனக்குப் பெரிய ஆசைகள் ஒன்றும் கிடையாது. ஒரே ஒரு ஆசை. மார்கழி மாதத்தில் மடவை மீன் குழம்பைச் சூடாகச் சோற்றில் ஊற்றி, கை எரியாமல் பிசைந்து சாப்பிட வேண்டும். ஏரியில் நல்ல கொழுத்த மடவை கிடைப்பது அந்தப் பனிக்காலத்தில்தான். அதே பனிக்காலத்தில்தான் குழம்பில் விரலை வைத்தால் உயிர் போகும். மிளகாயும் புளியும் வெடிப்புக்குள் இறங்கினால் கண்ணில் தண்ணீர் கொட்டும். நான் பிடிவாதக்காரி. அழுதுகொண்டே சாப்பிடுவேன். அம்மா தட்டை எடுக்கவே மாட்டாள். ஒரு சொம்பில் கஞ்சியை ஊற்றி உப்புப் போட்டுக் குடித்துவிட்டு எழுந்துவிடுவாள். பனிக்காலத்தில் குழம்பு தனக்கு ஒத்துக்கொள்வதில்லை என்பாள். நான் சிறு பெண்ணாகப் பாவாடை கட்டிய நாளிலிருந்து கேட்ட பேச்சு அது. சிலருக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது, அம்மாவுக்குப் பனிக்காலத்துக் குழம்பு ஒத்துக்கொள்ளாது. நாங்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டோம்.

கம்பெனி விஷயத்தைக் கொண்டுவந்தது என் சிநேகிதி. ரயில் ரோட்டுப் பக்கம் இருக்கிற காலனியில் அவள் வீடு. மாதா கோயில் போகிறவர்கள். அவளும் அவள் அம்மாவும் அதுவரை நாற்று நடவும் களை எடுக்கவும் போய்க்கொண்டிருந்தார்கள். அஞ்சாவது வரை நானும் அவளும் ஒரே பலகையில் உட்கார்ந்து படித்தவர்கள். கார்த்திகையில் அவளுக்கு நூல் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. பட்டு மாதிரி இருக்கும் நைஸ் நூல், ஆர்ட் சில்க் என்பார்கள், அதைச் சிட்டம் என்கிற நூல் கட்டிலிருந்து எடுத்து பாபினில் சுற்றுகிற வேலை. கூரைக்குக் கீழே, நிழலில், ஈரமே படாத வேலை. ஈரமே படாது என்று அவள் சொன்னதும் நான் அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். நாற்று நட்ட கை அது. மார்கழியில் அவ்வளவு மெத்தென்று இருந்தது. எனக்குப் பொறாமையில் வயிறு எரிந்தது. ஒளிப்பானேன்?

இன்னும் பத்துப் பெண்கள் வேண்டுமாம். மறுநாளே அவளோடு பஸ் ஏறிவிட்டேன்.

அங்கே படிப்பைக் கேட்கவில்லை, சாதியைக் கேட்கவில்லை. மேஸ்திரி ஒரு நீல நூல் சிட்டத்தை மேசை மேல் விரித்துப் போட்டு, உள்ளங்கையால் ஒரு தரம், விரல்களால் ஒரு தரம் தடவச் சொன்னார். பரீட்சை அவ்வளவுதான். தடவினேன். கையை எடுத்தபோது சிட்டமே கூட எழுந்து வந்தது. ஒவ்வொரு வெடிப்பிலும் ஓர் இழை மாட்டிக்கொண்டிருந்தது. அவர் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்குக் கையை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை. வேண்டாம் என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் குரலை இறக்கி, பொங்கல் கழித்துத் திங்கட்கிழமை கடைசியாக ஒரு தடவை ஆள் எடுப்போம், கை ஆறியிருந்தால் வந்து பார் என்றார். எனக்கு மூன்று வாரம் இருந்தது.

திரும்பி வரும் வழியில் சிநேகிதிதான் பேசிக்கொண்டு வந்தாள். குப்பத்தில் நீங்கள் எல்லாரும் செய்கிற தப்பு எனக்குத் தெரியும் என்றாள். கழனிக்காரர்கள் சேற்றில் இறங்குவதற்கு முன்னால் காலுக்கும் கைக்கும் எண்ணெய் பூசிக்கொள்வார்களாம். குப்பத்துக்காரர்கள் எல்லாம் முடிந்து தோல் கிழிந்த பிறகு பூசுகிறோமாம்.

"புண்ணுக்கா எண்ணெ பூசுவாங்க? தோலுக்குப் பூசணும்டி. உப்புக்கு முன்னாடி பூசு, உப்பு உள்ள போவாது" என்றாள்.

தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி அதில் தேன்மெழுகைக் கரைத்து ஆறவைத்தால் வெண்ணெய் பதத்துக்கு வரும் என்று செய்முறையும் சொன்னாள். பொன்னேரியில் நாட்டு மருந்துக் கடையில் மெழுகு வாங்கலாம். ஆனால் கிழிந்த கை ஆற வேண்டுமானால் மூன்று வாரத்துக்கு உப்பே படக்கூடாது, நல்ல தண்ணீரில்தான் கழுவ வேண்டும் என்று கடைசியில் ஒரு குண்டைப் போட்டாள்.

உப்பே படக்கூடாது! இதை அம்மாவிடம் போய் எப்படிச் சொல்வது? வருஷத்திலேயே அதிகமாக மீன் விழுகிற மூன்று வாரம் அது.

சொன்னேன். அம்மா கையில் இருந்த மீனைக் கீழே வைக்காமலே திட்ட ஆரம்பித்தாள். நூல் சுற்றப் போகிற மகாராணிக்குக் கை வலிக்கிறதா என்றாள். குடிக்கிற தண்ணீரில் கை கழுவுவாளாம், நல்லா இருக்குதே நியாயம் என்றாள். உன் வயசில் நான் உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு உப்பு அடைத்தேன் என்றாள். நானும் சும்மா இருக்கவில்லை. நீ இப்படியே கிடந்து சாவு, நான் சாகமாட்டேன் என்று கத்திவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே நாலு அறை அறையலாம் போல இருக்கிறது. அம்மா அடுத்த மீனை எடுத்தாள்.

நைனா வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவர் அதிகம் பேசாத மனுஷன். வலையை ஓரமாக வைத்துவிட்டு வந்து, என் இடத்தில், என் மனைப்பலகை மேல் உட்கார்ந்தார். உப்புச் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இது எப்படி அடைக்கிறது, காட்டு" என்று அம்மாவிடம் கேட்டார்.

இதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். எங்கள் குப்பத்தில் ஆம்பிளை மீன் பிடிப்பான், படகு தள்ளுவான், வலை கட்டுவான். மீன் கரைக்கு வந்துவிட்டால் அது பொம்பிளை வேலை. உப்புச் சட்டி முன்னால் ஓர் ஆம்பிளை உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. பட்டப்பகலில், எல்லார் கண்ணுக்கும் எதிரே, நைனா உட்கார்ந்தார். அக்கம் பக்கத்துப் பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். அவரோடு படகில் போகிறவர்கள், நாளைக்குப் புடவை கட்டிக்கினு வருவியா என்று கிண்டல் பண்ணினார்கள். அம்மாவுக்கு மானம் போயிற்று. எழுந்து போ, எழுந்து போ என்று பல்லைக் கடித்தாள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. முதல் நாள் அவர் அடைத்த மீனையெல்லாம் அம்மா பிரித்து மறுபடி அடைத்தாள், அவ்வளவு மோசம்.

நான் பொன்னேரிக்குப் போய் மெழுகு வாங்கிவந்து களிம்பு காய்ச்சினேன். காலையில் ஒரு தரம், குளித்ததும் ஒரு தரம், படுக்கப் போகுமுன் ஒரு தரம் பூசிக்கொண்டேன். நல்ல தண்ணீரை நானே போய் இரண்டு நடையாகக் கூடுதலாக எடுத்து வந்தேன், அதில் அம்மா குறை சொல்லக்கூடாது என்று. ஒரு வாரத்தில் சின்ன வெடிப்புகள் மூடிக்கொண்டன. கன்னத்திலும் உதட்டிலும்கூடத் தடவிக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தால் எனக்கே நான் கொஞ்சம் நல்லாத்தான் இருந்தேன். கட்டைவிரல் இடுக்கு மட்டும் ஆறாமல் முரண்டு பிடித்தது.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, மத்தியானச் சாப்பாடு. மடவைக் குழம்பு. நைனா சோற்றில் குழம்பை ஊற்றிக் கையை வைத்தார். வைத்த வேகத்தில் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கையை விரித்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். துடுப்புப் பிடித்துக் காய்த்த கை அது. அதுவே விரல் மடிப்பெல்லாம் கிழிந்து சிவந்து கிடந்தது. இன்னொரு தரம் முயற்சி பண்ணினார். முடியவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, எனக்கும் கஞ்சியே ஊத்து என்றார்.

அம்மா கஞ்சிச் சொம்பை எடுத்தாள். அவளுக்கு ஊற்றி வைத்திருந்த சொம்பு பக்கத்திலேயே இருந்தது. நைனா அந்தச் சொம்பைப் பார்த்தார். அப்புறம் அம்மா கையைப் பார்த்தார். எங்கள் வீட்டில் அந்தக் கையை அப்படி யாரும் பார்த்ததே இல்லை. கோடு எது, வெடிப்பு எது என்று தெரியாத கை.

"உனுக்குக் கொழம்பு ஒத்துக்காதுன்னியே" என்றார் நைனா. "எரியுதுன்னு இன்னாத்துக்கு சொல்லல?"

அம்மா கஞ்சியை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "யாராச்சும் கேட்டீங்களா?"

கோபமாகச் சொல்லவில்லை. சும்மா, தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எத்தனை மார்கழி! என் கையும்தானே எரிந்தது. என் பக்கத்திலேயே உட்கார்ந்து அதே உப்பை அடைக்கிறவளுக்கும் எரியும் என்று எனக்கு ஏன் உறைக்கவில்லை? மக்கு. அவள் சொன்னதை அப்படியே நம்பிக்கொண்டு, நல்ல நடுத்துண்டாகப் பார்த்து நானே சாப்பிட்டிருக்கிறேன்.

களிம்புக் கிண்ணத்தை எடுத்துப்போய் அம்மா முன்னால் வைத்தேன். அவள் அதைத் திருப்பி என் பக்கமே தள்ளினாள். திங்கட்கிழமை யார் கையைப் பார்க்கப் போகிறார்கள், என் கையையா உன் கையையா என்றாள். அதுவரை கம்பெனியைப் பற்றி அவள் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த நாளைக்கூட நினைவில் வைத்திருக்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அதற்குப் பிறகு அந்த வேலை என் ஒருத்தி ஆசையாக இல்லை. மூன்று பேரும் என் கையையே பார்த்துக்கொண்டு நாளை எண்ணினோம்.

பொங்கல் வந்தது, போனது. திங்கட்கிழமையும் வந்தது. கட்டைவிரல் இடுக்கில் ஒரு கோடு மட்டும் மூடவே இல்லை.

விடிந்ததும் நைனா கூப்பிட்டார். அடுப்பில் சின்னச் சட்டி. புதுக் குங்கிலியம் வாங்கிவந்து, பொடித்து, துணியில் சலித்து, எண்ணெயில் காய்ச்சி வைத்திருந்தார். படகுக்குக்கூட அவர் சலித்ததில்லை. என் கை இரண்டையும் தன் மடியில் வைத்து, கோழி இறகால் தொட்டு, மெல்லிசாக உள்ளங்கை முழுக்கப் பூசினார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் கையில் இருந்த வெடிப்புகள் என் கைக்காக வந்தவை. நான் எப்படிச் சொல்வேன்? ஆறியதும் பார்த்தால், சும்மா சொல்லக்கூடாது, கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு கோடு இல்லை. நைனாவுக்கு அவ்வளவு பெருமை. அம்மா மட்டும் தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்த்தாள்.

பஸ்ஸில் கண்டக்டர் கொடுத்த டிக்கெட் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. உரித்தெடுத்தேன். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பதற்றத்தில் கையை இறுக்கி மூடிக்கொண்டே போனேன். கை சூடேறச் சூடேற உள்ளே என்ன நடக்கும் என்று படகுக்காரன் மகளுக்குத் தெரியாதா? வெயிலில் படகைத் தொட்டாலே விரல் ஒட்டும்.

கம்பெனியில் என் முறை வந்தது. மேசை மேல் வெள்ளை நூல் சிட்டம். தடவினேன். முதல் தடவை வழுக்கிக்கொண்டு போனது. மேஸ்திரி தலையை ஆட்டினார். இரண்டாம் தரம் விரலை வைத்தேன். பாதி வழியில் கை நின்றுவிட்டது. இழுத்தேன். சிட்டம் முழுக்க என் கையோடு வந்தது. உதறினேன், இன்னும் சுற்றிக்கொண்டது. இந்தக் கையால் பிரிக்கப்போய் அந்தக் கையும் மாட்டிக்கொண்டது. வரிசையில் நின்ற பெண்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். நல்ல சிட்டம் ஒன்று நாசமாகப் போயிற்று. மேஸ்திரிக்கு முகம் சிவந்துவிட்டது. கைக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டு வந்து ஏமாற்றப் பார்க்கிறாயா, போ வெளியே என்றார்.

போயிருப்பேன். கால் திரும்பிவிட்டது. ஆனால் மனைப்பலகை மேல் உட்கார்ந்து மீனை ஏடாகூடமாக அடைக்கிற நைனா கண் முன்னால் வந்தார். அம்மா தள்ளிவிட்ட களிம்புக் கிண்ணம் வந்தது. எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்துவிட்டது. அது யார் மேல் கோபம் என்று இன்றைக்கும் தெரியாது. நூல் சுற்றிய இரண்டு கையையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"சார், இப்ப நீங்க பாத்தது என் கை இல்ல, எங்க படகு. எங்க நைனா ஆசையா பூசி உட்டாரு. கழுவிக்கினு வரேன், அப்பறம் என் கையைப் பாருங்க. அது வேணாம்னா நான் போயிக்கினே இருக்கேன்" என்றேன்.

அந்த மனுஷன் என்னை ஒரு நிமிஷம் முறைத்துப் பார்த்தார். அவர் வாய் ஓரம் கொஞ்சம் அசைந்தது. மத்தியானச் சங்கு ஊதுவதற்குள் வா, அதற்கப்புறம் வந்தால் வாட்ச்மேன் விடமாட்டான் என்றார்.

சிநேகிதி வேலை நடுவே ஓடிவந்தாள். குங்கிலியம் தண்ணீருக்கு அசையாது, எண்ணெய்க்குத்தான் இளகும். அது எனக்கே தெரியும். எண்ணெய்க்கு எங்கே போவது? கேன்டீன் அம்மா காலையில் வடை சுட்ட எண்ணெயை ஒரு டம்ளரில் கொடுத்தாள். அதை ஊற்றி இரண்டு பேரும் தேய்த்தோம், துணியால் துடைத்தோம், மறுபடி தேய்த்தோம். பிறகு வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவினோம். மஞ்சள் மஞ்சளாகப் படகு முழுக்கக் கழன்று சாக்கடையில் போயிற்று. கீழே இருந்தது என் கை. சிவந்துபோய், வடை வாசனையோடு, மூன்று வாரம் உப்பே படாத கை. ஊற்றி ஊற்றித் தேய்த்த எண்ணெயில் இன்னும் மெத்தென்று இருந்தது. நல்லா துடைடி, நூல்ல கறை ஆச்சுன்னா அதுக்கும் திட்டுவாரு என்று தன் முந்தானையாலேயே துடைத்துவிட்டாள் சிநேகிதி.

சங்குக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது போய் நின்றேன். மேஸ்திரி இந்தத் தடவை நல்ல சிட்டத்தை எடுக்கவில்லை, நான் நாசம் பண்ணினதிலேயே மிஞ்சியதை விரித்தார். உள்ளங்கையால் தடவினேன். போனது. விரல்களால் தடவினேன். போனது. மூன்றாம் தரம் கட்டைவிரல் இடுக்கில் ஒரே ஓர் இழை மாட்டியது. கையை இழுக்காமல் அப்படியே வைத்திருந்தேன். அவர் குனிந்து அந்த இழையைத் தானே விடுவித்தார். அந்த இடத்தை உற்றுப் பார்த்தார். பத்து நாளில் இது ஆறாவிட்டால் அனுப்பிவிடுவேன், நாளைக்கு எட்டு மணிக்கு வா என்றார். மோந்து பார்த்துவிட்டு, கேன்டீனுக்கு ஆள் எடுக்கவில்லை என்றும் சொன்னார்.

இப்போது தெரிகிறதா, ஏன் திட்டவில்லை என்று?

அந்தக் கோடு ஒரு வாரத்திலேயே ஆறிவிட்டது. வேலையில் நின்றுவிட்டேன். குங்கிலியக் கதையை வீட்டில் சொல்லவில்லை. நைனா கேட்டபோது, நல்லா வழுக்கிக்கினு போச்சு நைனா என்றேன். பொய்யும் இல்லை, முதல் தரம் அப்படித்தான் போனது. பிற்பாடு சிநேகிதி ஒரு நாள் வந்து எல்லாவற்றையும் உளறி வைத்தாள். நைனா விழுந்து விழுந்து சிரித்தார். பஸ் டிக்கெட் ஒட்டிக்கொண்டதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

எனக்கு உள்ளே ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. என் கை தப்பித்துவிட்டது. உப்புச் சட்டி அங்கேயேதான் இருக்கிறது, அம்மாவும் அதன் முன்னால்தான் இருக்கிறாள். ஆனால் ஒன்று நடந்தது. நான் வேலைக்குப் போன பிறகும் நைனா என் மனைப்பலகையை விட்டு எழுந்திருக்கவில்லை. வலை வேலை முடிந்ததும் வந்து உட்கார்ந்துவிடுவார். சிரித்தவர்கள் சிரித்துச் சிரித்து அலுத்துப்போனார்கள். ஆடி மாதத்துக்குள் அவர் அடைத்த மீனை அம்மா பிரித்து அடைப்பதையும் விட்டுவிட்டாள்.

அடுத்த கார்த்திகையில், பனி விழுமுன்பே, ஒரு பெரிய கிண்ணம் நிறையக் களிம்பு காய்ச்சினேன். உப்புக்கு முன்னால் பூச வேண்டும் என்றேன். கை வழுக்கும், மீன் நிற்காது, இது வேறு பேஜாரு என்று அம்மா மறுத்துவிட்டாள். நானும் விட்டுவிட்டேன், அவளிடம் யார் மல்லுக்கட்டுவது? மறுநாள் நான் எட்டு மணி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது நைனா கிண்ணத்தோடு போய் அவள் எதிரே உட்கார்ந்தார். அம்மாவின் கையை இழுத்துத் தன் முழங்கால் மேல் வைத்து, விரல் விரலாகப் பூச ஆரம்பித்தார். படகு இடுக்குக்குப் பூசுவது போலத்தான், ஓர் இடமும் விட்டுப்போகாமல். நாலு பேர் பார்க்கிறார்கள் என்று அம்மா சீறினாள். பார்த்தார்கள்தான். அவள் கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பனிக்காலம் முழுக்க, தினமும் காலையில் அது நடந்தது. மத்தியானம், நான் காலையிலேயே எடுத்து வைத்துவிட்டுப் போன நல்ல தண்ணீரில் இரண்டு பேரும் கை கழுவினார்கள்.

தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு. நல்ல மடவை விழுந்திருந்தது. குழம்பு வைத்தது நான். நைனாவுக்கும் எனக்கும் தட்டு வைத்தேன், பழக்கதோஷத்தில் அம்மாவுக்குக் கஞ்சிச் சொம்பை எடுத்தேன். அம்மா எழுந்து போய்த் தானே ஒரு தட்டை எடுத்து வந்து உட்கார்ந்தாள். சோற்றைப் போட்டுக்கொண்டாள். குழம்பை ஊற்றிக்கொண்டாள். விரலை வைத்தாள். நானும் நைனாவும் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் எங்கள் இரண்டு பேரையும் கண்டுகொள்ளவே இல்லை. நிதானமாக, அடியிலிருந்து மேல் வரை, நன்றாகப் பிசைந்தாள். ஒரு வாய் சாப்பிட்டாள். இன்னொரு வாய்.

"இன்னா, ஒத்துக்குதா?" என்று நைனா கேட்டார்.

அம்மா தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"நடுத்துண்டா பாத்து வையி" என்றாள்.